சூளையில் வெந்த பெயரும் சோலார் கணக்கும்

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்
12-2-2009

பாசமுள்ள அமல் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் பிரின்சி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மஸ்கட்டில் உங்களுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஞாயிறு பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். அப்பாவுக்கு மட்டும் பட்டறையில் களிமண் தூசியால் இருமல். அதுவும் கொஞ்சம்தான்.

நிற்க. போன நவம்பரில் நீங்கள் ஊருக்கு வந்து, நம் மாடியில் சோலார் தகடு மாட்டி, பேட்டரி, இரண்டு விளக்கு, சின்ன ஃபேன் எல்லாம் வைத்துவிட்டுக் கிளம்பும்போது என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கும். "குட்டிம்மா, இது லாபமா நஷ்டமான்னு நீ கணக்கு எழுதி அனுப்பு. லாபம்னா நான் கட்டப்போற வூட்டுக்கும் போடறேன். நஷ்டம்னா மூணு மாசத்துக்குள்ள குடுத்தா கடைக்காரரு முக்கால் பணம் திருப்பித் தராரு. போன்ல பேசினா ஆளாளுக்கு சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேக்கறதுலயே கார்டு தீந்துடுது. நம்ம வூட்லயே பொய் சொல்லாத ஆளு நீதான்" என்றீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் இந்தக் கடிதம் எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஏனென்றால் மார்ச் கடைசியில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இங்கே காலையில் இரண்டு மணி நேரமும் சாயங்காலம் நான் படிக்க உட்காரும் நேரத்திலும் கரண்ட் போகிறது, சொல்லாமல் போவது தனி. தெருவே இருட்டாக இருக்கும்போது நம் வீட்டு முன்னறையில் மட்டும் உங்கள் விளக்கு எரிகிறது. லாபம் என்று எழுதினால் விளக்கு இருக்கும், நஷ்டம் என்று எழுதினால் போய்விடும். ஆனாலும் உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

கணக்கு ஒழுங்காக இருக்க ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீடு வேண்டும் என்பதால் ஒட்டினாற்போல் இருக்கும் கோதண்டபாணி மாமா வீட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே கொத்தனார் ஒரே அளவில் கட்டிய வீடுகள், இரண்டு மீட்டரும் நடுச்சுவரில் ஒரே பலகையில் இருக்கின்றன. எது யாருடையது என்ற குழப்பமும் கிடையாது, ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா தம் பட்டறையிலேயே இரண்டு பீங்கான் பீஸ் கட்டை செய்து, ஒன்றில் 'பிலோமின்ராஜ்', ஒன்றில் 'கோதண்டபாணி' என்று நீல மையில் எழுதிச் சூளையில் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்து மீட்டருக்குப் பக்கத்தில் செருகியது உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அதைத்தான் காட்டுவார். "காயிதத்துல எழுதுனா கிழிஞ்சிடும், சுவத்துல எழுதுனா வெள்ளையடிச்சா போயிடும், இது சூளைல வெந்த எழுத்து" என்பார். அதுபோல ஆறு வருடமாக அந்த இரண்டு கட்டைகளும் ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை, ஒருவரும் பிடுங்கிப் பார்க்கவும் இல்லை.

முதலில் நம் பக்கம் நடந்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விமானம் ஏறிய மறுநாளிலிருந்து விளக்கு மங்கலாக எரிந்தது, ஆறாவது நாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் தகட்டின் மேல் அம்மாவின் பழைய சேலை நான்காக மடித்துப் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தது. கேட்டதற்கு அம்மா, "புதுசா வாங்குன டிவிக்கே உறை தெச்சு போட்டிருக்கோம், பதிமூணாயிரம் ரூபா சாமான யாராவது வெயில்ல போடுவாங்களா?" என்றார்கள். அது வெயிலுக்காகவே செய்தது என்று புரியவைக்க அரை நாள் ஆனது. பிறகு சேலையை எடுத்தோம், எடுத்த இடத்தில் பட்டறைப் பக்கமிருந்து வரும் வெள்ளைத் தூசி உட்கார்ந்தது, அதனால் சனிக்கிழமைதோறும் நானே துடைக்கிறேன். இவை போக, தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு மீட்டரையும் பார்த்து நோட்டில் எழுதி வந்தேன்.

முடிவு இதுதான். சோலார் வருவதற்கு முந்தைய பில்லில் நம் வீடு 182 யூனிட், வந்த பிறகு 236 யூனிட். கோதண்டபாணி மாமா வீடு, சோலாரே இல்லாத வீடு, 131 யூனிட்டிலிருந்து 106 யூனிட்டுக்கு இறங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, அது போதாதென்று டிசம்பரிலிருந்து அமிர்தம் அத்தை கிரைண்டர் வாங்கி இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். அத்தையிடமே கேட்டேன். "எல்லாம் கை ராசிதான் பிரின்சி. எங்கூட்ல சுவிட்சு போடும்போதே நான் சாமிய கும்புட்டுத்தான் போடுவேன்" என்றார்கள். மாமா மதில் மேல் கை வைத்துக்கொண்டு, "என்னா பிலோமின்ராஜு, சூரியனையே மாடியில கட்டி வச்சிருக்கீங்க, அப்பயும் எங்க பில்லுதான் கம்மியா இருக்குது" என்று அப்பாவிடம் தினமும் ஒரு தரம் கேட்டார்.

அப்பா அதைத் தாங்கவில்லை. பேட்டரி பகலில் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் நம் கரண்ட்டையும் குடிக்கிறது என்பது அவர் கட்சி. சோலார் வயருக்கும் நம் கரண்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிவியல் புத்தகத்தைக் காட்டினேன். "புஸ்தகத்துக்கு யாரு பில்லு கட்றா?" என்றார். ஜனவரி முழுக்க அயர்ன் பெட்டிக்குத் தடை, மிக்ஸிக்குத் தடை, அம்மா அம்மியில் அரைத்தார்கள், டிவி அரை மணி நேரம் மட்டும். நான் கசங்கிய தாவணியோடு பள்ளிக்கூடம் போனேன், டீச்சர் வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அப்போதும் மீட்டர் அதே வேகத்தில்தான் ஓடியது. கோணாங்குப்பம் மாதா கோவில் தேருக்கு எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் மறுநாள் வந்தோம், பூட்டிய வீட்டில் நம் மீட்டர் ஐந்து யூனிட் ஓடியிருந்தது. அதே நாளுக்குப் பக்கத்து வீட்டு வரியில் நான் எழுதியிருப்பது: 'அமிர்தம் அத்தை இரண்டு தடவை மாவு அரைத்ததாகச் சொன்னார். மீட்டர் நகரவில்லை. காரணம் தெரியவில்லை.' மீட்டர் மாறியிருக்குமோ என்று எனக்கும் ஒரு தரம் தோன்றியது. டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தேன். நீல எழுத்தில் அப்பாவின் பெயர் தெளிவாக இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

ஆகவே சித்தப்பா, நம் வீட்டு அனுபவப்படி சோலார் நஷ்டம். மின்சாரம் மிச்சமாகவில்லை, அதிகமாகியிருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் போட வேண்டாம். கடையில் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் பிப்ரவரி 23, அதற்குள் தகவல் சொன்னால் அப்பா கழற்றி வேனில் ஏற்றிவிடுவார். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், அம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துத் திரி மாற்றி வைத்துவிட்டார்கள். அதில் படித்தால் கண்தான் கொஞ்சம் எரியும். நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி இல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, பொங்கிய சோற்றை மறுநாளைக்கு வைக்காமல் இருக்கும்படி அம்மா எழுதச் சொன்னார்கள். அப்பாவின் அன்பும் அம்மாவின் ஆசீரும் உங்களோடு இருக்கும். பரீட்சை எழுதப்போகும் எனக்கு உங்கள் ஆசீர்வாதத்தை அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்,
பி. பிரின்சி

பி.கு. கவரை ஒட்டுவதற்கு முன், கிளம்பும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விப் பட்டியலை ஒரு தரம் சரிபார்த்தேன். 'மெயின் கரண்ட்டை நிறுத்திவிட்டு சோலார் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்' என்ற கேள்வி விட்டுப்போயிருந்தது. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, 'பிலோமின்ராஜ்' என்ற கட்டையைப் பிடுங்கினார். நம் வீட்டு டிவி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் நின்றது. "கரண்ட்டு போயிடுச்சா, உங்கூட்ல இருக்குதே" என்று அமிர்தம் அத்தை மாவுக் கையோடு வந்து நின்றார்கள். அப்பா கட்டையைச் செருகினார், கிரைண்டர் ஓடியது. பிடுங்கினார், நின்றது. நான்கு தடவை செய்து பார்த்தார். வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் இரண்டு வீட்டு வயரையும் ஒரே குழாயில் இழுத்து, வெளியே எடுக்கும்போது மாற்றி எடுத்திருக்கிறார். இடது பக்க வீடு நமது, அதனால் இடது பக்க மீட்டர் நமது என்று அப்பா கட்டையைச் செருகிவிட்டார். பெயர் சூளையில் வெந்திருந்ததால் அதற்குப் பிறகு ஒருவரும் சரிபார்க்கவில்லை, நான் உள்பட. ஆறு வருடமாக அவர்கள் பில்லை நாமும் நம் பில்லை அவர்களும் கட்டி வந்திருக்கிறோம்.

கோதண்டபாணி மாமா மதில் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். அத்தைதான், "பணமா கேட்டுடாதீங்க அண்ணே, மாவா எடுத்துக்குங்க" என்றார்கள். அப்பா, "சித்தப்பனுக்கு இத எழுதாத, எழுதினா வயரிங்காரன் தப்புன்னு மட்டும் எழுது" என்றார். இரண்டு பேர் தப்பையும் எழுதிவிட்டேன்.

எனவே மேலே உள்ள முடிவை அடித்துவிடவும். சோலார் வந்த பிறகு நம் வீட்டில்தான் 131 யூனிட் 106 ஆகியிருக்கிறது. இரண்டு மாத பில்லுக்கு மிச்சம் 25 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 225 ரூபாய். நீங்கள் போட்ட பதிமூவாயிரத்து ஐந்நூறும் திரும்பி வர அறுபது வருடம் ஆகும். அப்போது எனக்கு எழுபத்தைந்து வயது. நடுவில் பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்தால் அதற்கும் மேலே போகும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன், திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் தபாலில் சேர்த்துவிடுவேன். மஸ்கட் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகும், 25-ஆம் தேதி கிடைக்கும் என்று தபால்காரர் சொன்னார். போனில் சொல்லிவிடலாமே என்று அம்மா கேட்டார்கள். சித்தப்பா எழுதித்தான் அனுப்பச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு பாடம் படித்தேன்.