கட்டிங் மாஸ்டரும் கடைசி சீனும்

ஆயுத பூஜையன்று, கத்திரிக்கோலுக்குக் குங்குமம் வைத்த கையோடு, அல்சூர் ஆதிகேசவன் தன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"யசோதா, நல்லாக் கேட்டுக்க. இனிமே இந்த வூட்ல எந்தப் படமானாலும் சரி, முதல்ல நான் தனியாப் போய்ப் பாப்பேன். குடும்பத்துக்கு லாயக்கான படம்னா பாஸ் பண்ணுவேன். அப்புறந்தான் நீயும் கொயந்தையும் பாக்கணும்."

"இன்னாத்துக்குங்க?"

"இன்னாத்துக்கா? ஒரு படத்துல குடிக்கிறான். இன்னொரு படத்துல பொண்டாட்டி புருசனை எதிர்த்துப் பேசறா. இதையெல்லாம் பாத்தா குடும்பம் உருப்படுமா?"

"எதிர்த்துப் பேசறாளா! ஐயய்யோ, எனக்குப் பயமா இருக்கு. நீங்களே பாருங்க," என்று சொல்லிவிட்டு யசோதா சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஒரு சட்டம் நிறைவேறியதைப் பார்த்து அப்போதே ஆதிகேசவன் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய தையல் கடையில் அவர் கட்டிங் மாஸ்டர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். ஒரு தடவை மோட்டாரில் போன ஒரு வெள்ளைக்காரனை ஜன்னல் வழியாகப் பார்த்தே கோட்டு வெட்டினார். அது எப்படிப் பொருந்திற்று என்றால், சீமைக்குக் கப்பல் ஏறும் வரை அவன் அதைக் கழற்றவே இல்லை. கழற்ற முடியவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு, பொறாமைக்காரர்கள். அவருடைய கத்திரிக்கோலை வேறொருவர் தொடக் கூடாது. தொட்டால் கூர் போய்விடும். அதனால் கடையில் வைக்காமல், சிவப்புத் துணியில் சுற்றிக் காலையில் அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார், சாயந்திரம் அப்படியே கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார்.

சட்டத்துக்கு வெளியே சொன்ன காரணம் ஒழுக்கம். உள்ளே இருந்த காரணத்தின் பெயர் கனகா. வயது நாலு. அவருடைய ஒரே மகள்.

அல்சூர் தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்டுக்கு நடுவே தோள் உயரத்துக்கு ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். கனகா அம்மா மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள். பாட்டு ஓடும்போது கேட்டால் "வரலை" என்பாள். இன்டர்வெல்லில் கேட்டால் "வரவே வரலை" என்பாள். வில்லன் கத்தியை உருவினானோ இல்லையோ, "அப்பா! ஒண்ணுக்கு!" என்று ஒரு குரல் கிளம்பும். அம்மாவோடு போக மாட்டாள். அப்பாதான் வேண்டும். பெண்கள் கை மாற்றிக் கை மாற்றி அவளைச் சுவருக்கு மேலே தூக்கி அனுப்ப, ஆண்கள் கை மாற்றிக் கை மாற்றி வாங்கி, கடைசியில் அவர் மடியில் போடுவார்கள். நாலு வருஷத்தில் ஆதிகேசவன் ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தவரை, எந்தப் படத்திலும் எந்த வில்லனும் இன்னும் சாகவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் 'கப்பல் எரியிற படம்' வந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அல்சூரில் யாரும் அதைச் சொல்லவில்லை. தியேட்டர் வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள்: 'படத்தின் முடிவை வெளியே சொல்லாதீர்கள்.' தீபாவளித் துணி மலைபோலக் குவிந்து கிடந்ததால் ஆதிகேசவனால் கடையை விட்டு நகர முடியவில்லை. அவர் பார்க்காததால் யசோதாவும் பார்க்க முடியவில்லை. தெருவில் பாக்கி எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

குழாயடியில் வேறு பேச்சே இல்லை.

"நெருப்பு நம்ம மூஞ்சில அடிக்குதும்மா. எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவ கொண்டையில இருந்த பூ வாடிப்போச்சு," என்றாள் சின்னத்தாயி.

"கப்பலு பரவால்ல. அந்தப் பொண்ணு கைல ரெண்டு கயிறு இருக்கும் பாரு. ஒண்ணை அறுத்தா அப்பன் தப்பிப்பான், இன்னொண்ணை அறுத்தா கட்டிக்கப்போறவன் தப்பிப்பான். ரெண்டு பேருமே வாயில்லாப் பூச்சி மாதிரிப் பாப்பாங்க. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு," என்றாள் பக்கத்து வீட்டு பெர்னதெத். அவள் மூன்று தடவை பார்த்தவள். மூன்று தடவையும் நெஞ்சு நின்றதாம்.

"எந்தக் கயித்தை அறுத்தா?" என்று சட்டென்று கேட்டது ஒரு ஆண் குரல். பல் தேய்க்கிற சாக்கில் நின்ற ஆதிகேசவன்தான்.

"போர்டு பாக்கலியா மாஸ்டர்? சொல்லக் கூடாது."

"எங்கிட்ட மட்டும் சொல்லேன் பெர்னதெத்தம்மா. வெட்டுற தொழில்ல இருக்கிறவன் தெரிஞ்சிக்கக் கூடாதா?"

"கோயிலுக்குப் போறவ நான். வாக்குத் தவற மாட்டேன்."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. துணியில் சாக்பீஸ் கோடு போட்டால் கோடு கயிறாகத் தெரிந்தது. அப்பனா, கட்டிக்கப்போறவனா? ஒரு பேண்ட்டில் இரண்டு காலையும் இடது காலாகவே வெட்டிவிட்டார்.

தீபாவளி முடிந்து முதல் ஞாயிறு வந்தது. ஆதிகேசவன் முன்கூட்டியே ஒரு திட்டம் வைத்திருந்தார்: கூப்பிடு தூரத்தில் இருக்கும் அல்சூர் தியேட்டரில் அவர் கப்பல் பார்க்கிற நேரத்தில் கனகா எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

"யசோதா, பிரிகேட் ரோட்டுல இங்கிலீஷ் பொம்மைப் படம் வந்திருக்குது. கோழிக்குஞ்சு ஒண்ணு அம்மாவைத் தேடிப் போற கதை. மாட்னிக்கு நீயும் கனகாவும் போய்ட்டு வாங்க. பெர்னதெத்தம்மாவையும் கூட்டிக்க."

"நீங்க முதல்ல பாக்கலியே?"

"பொம்மைக்கு எதுக்குடி சென்சார்? அது குடிக்குமா?"

"எந்தப் படமானாலும் சரின்னு நீங்கதானே சொன்னீங்க. சட்டம்னா சட்டந்தாங்க. அந்தக் கோழி எதிர்த்துப் பேசிச்சுன்னா? நாளைக்குக் கொயந்தை கெட்டுப்போச்சுன்னு எம்மேல பழி வரும்."

சொந்தச் சட்டம், சொந்தக் காலில் சுற்றிக்கொண்டது. ஆதிகேசவன் ஞாயிற்றுக்கிழமை மாட்னியில், நூறு குழந்தைகளுக்கு நடுவே மீசையோடு தனியாகப் போய் உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கோழிக்குஞ்சு மழையில் நனைந்தபோது கடித்த பல் தளர்ந்தது. அது ஒரு வாத்தைப் பார்த்து 'அம்மா' என்று கூப்பிட்டபோது துண்டை எடுத்தார். கடைசியில் தாய்க்கோழி சிறகை விரித்தபோது அவர் விட்ட கேவலில் இந்தப் பக்கத்துக் குழந்தை தன் மிட்டாயில் பாதியைக் கொடுத்தது. அந்தப் பக்கத்துக் குழந்தை முதுகைத் தட்டிக் கொடுத்தது. நாலு வருஷத்தில் அவர் முழுசாகப் பார்த்த முதல் முடிவு ஒரு கோழிக்குஞ்சினுடையது.

"இன்னாங்க, கண்ணு செவந்திருக்குது?"

"தூசி. படம் பாஸ். குடும்பத்தோட பாக்கலாம்."

"குஞ்சுக்கு அம்மா கெடைச்சுதா?"

"கெடை..." என்று தொடங்கியவர் முடிக்க முடியாமல் புழக்கடைக்குப் போய் முகம் கழுவினார்.

திங்கட்கிழமை சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கப்பல் வியாழக்கிழமையோடு கடைசி!

வியாழன் காலையிலேயே கடைக்கு ஆள் அனுப்பிப் பல்வலி என்று சொல்லிவிட்டார். வீட்டில் வேறு கதை; கடைசி நாளில் தான் மட்டும் கப்பல் பார்க்கப் போவதாகச் சொன்னால் யசோதா சும்மா விடுவாளா?

"ஜமீன் வூட்டுக் கல்யாணம், யசோதா. அர்ஜென்ட் சூட். ராத்திரி ஆயிடும். நீங்க மாட்னிக்குப் பொம்மைப் படம் போய்ட்டு வாங்க. நான்தான் பாஸ் பண்ணிட்டேனே."

"சரிங்க. ஜமீன்தார் இடுப்பை ஜாக்கிரதையா வெட்டுங்க," என்றாள் யசோதா.

புதுச் சட்டை போட்டார். முறுக்கைக் காகிதத்தில் மடித்து ஒரு பையிலும், கைக்குட்டையை மற்றொரு பையிலும் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை; கனகா இல்லாத இடத்தில் தானே தனக்குக் கனகா ஆகிவிடக் கூடாதல்லவா! எல்லாவற்றையும் யோசித்தாயிற்று என்ற நிம்மதியோடு தியேட்டரில் முன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். இன்டர்வெல்லில் எல்லோரும் எழுந்து போனார்கள். அவர் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

கப்பல் தீப்பிடித்தது. பாய் பற்றி எரிந்தது. தியேட்டரே அனலாயிற்று. பாய்மரத்து உச்சியில் அந்தப் பெண். இடது கையில் ஒரு கயிறு, வலது கையில் ஒரு கயிறு, வாயில் கத்தி. அப்பன் பார்க்கிறான். காதலன் பார்க்கிறான். கத்தியைக் கையில் எடுத்தாள். ஆதிகேசவன் பெஞ்சை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டார்.

"அப்பா! ஒண்ணுக்கு!"

பெண்கள் பக்கமிருந்து வந்தது குரல். 'ஐயோ பாவம், எந்தத் தகப்பன் குடுத்துவச்சதோ' என்று மனசார இரக்கப்பட்டார். 'நம்ம கொயந்தை பிரிகேட் ரோட்டுல சமர்த்தாக் கோழி பாத்துக்கினு இருக்குது.' கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"யோவ், தலையைக் குனிய்யா!" என்றான் பின்னால் இருந்தவன். தலைக்கு மேலே கை மாறிக் கை மாறி ஏதோ வந்து அவர் மடியில் தொப்பென்று விழுந்தது. கனகா. அவள் பின்னாலேயே அதே வழியில், சிவப்புத் துணியில் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றும் வந்து சேர்ந்தது.

"இன்னாங்க!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யசோதாவின் குரல் தியேட்டர் முழுக்கக் கேட்டது. "அர்ஜென்ட் சூட்டு வெட்டப் போறேன்னுட்டுக் கத்திரியை ஆணியிலயே மறந்துட்டு வந்துட்டீங்களே!"

"கத்திரிதான் வந்துடுச்சே மாஸ்டர், கயித்தை நீயே அறுத்துடு!" என்று கத்தினான் ஒருத்தன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"அப்பா, ஜல்தி!" என்றாள் கனகா.

ஒரு கையில் கத்திரி, ஒரு கையில் மகள். ஆதிகேசவன் ஓடினார். வெளியே சுவரோரம் நிற்கும்போது உள்ளே ஒரு பெரிய சத்தம் எழுந்தது. விசில் பறந்தது. கூடவே பெண்கள் அழுதார்கள். விசிலைக் கேட்டால் காதலன் பிழைத்த மாதிரி இருந்தது; அழுகையைக் கேட்டால் அப்பன் பிழைத்த மாதிரி இருந்தது. அவர் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது திரையில் 'சுபம்' என்ற எழுத்து மட்டும் நின்றது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் முந்திக்கொண்டார். "இன்னாடி இது? பொம்மைப் படம்னு சொல்லிட்டு?"

"அதை நீங்க பாஸ் பண்ணியாச்சு. எப்ப வேணாப் பாத்துக்கலாம். இது இன்னிக்கோட போயிடுமே."

"சட்டம் இன்னா ஆச்சு? முதல்ல நான் பாக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"நீங்கதானே முதல்ல பாத்தீங்க? முன் பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. நான் கடைசி பெஞ்சு. ஒவ்வொரு சீனும் உங்க கண்ணுல பட்டுட்டு அப்புறந்தானே எங்கிட்ட வந்துது?"

ஆதிகேசவன் கொஞ்ச தூரம் கத்திரியைத் தடவிக்கொண்டே நடந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஜமீன்தாருக்குக்கூடக் காட்டாத மரியாதையோடு கேட்டார்.

"யசோதா... அவ எந்தக் கயித்தை அறுத்தா?"

யசோதா கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். ஆதிகேசவன், கூட நடந்துவந்த பெர்னதெத்தைப் பார்த்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு வம்பு மாஸ்டர்? உங்க வூட்டு சென்சாரையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு பெர்னதெத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

"சொல்லேன் யசோதா. கனகா மேல ஆணையா இனிமே சட்டம் கிட்டம் ஒண்ணும் கெடையாது."

யசோதா வீட்டுக்குள் நுழைந்து, கத்திரியை அவர் கையிலிருந்து வாங்கி, ஆணியில் மாட்டி, துணியை நீவிச் சரிசெய்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த ஒரு சீனை மட்டும் நான் முதல்ல பாத்துட்டேங்க. குடும்பத்துக்கு லாயக்கில்ல."