வயிற்றுக்குள் இருக்கும் கத்தரிக்கோல் பற்றி மருமகளுக்கு

சோளக்காடு,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் அறிவும் சட்டப் படிப்பும் நிறைந்த மருமகள் கௌசிகாவுக்கு, உன் தாய்மாமன் அர்த்தனாரி படுத்த இடத்திலிருந்து அசையாமல் எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை மாதம்மாள், மாடு, மிளகுக்கொடி யாவும் நலம். என் நலத்தை மட்டும் இதைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள்.

நீ வேலை பார்க்கும் சேலத்து வக்கீல் ஐயா, "நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பச் சொல்லு" என்றாராம். ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் எழுதுகிறேன். போன மாசியில் முந்நூறு கிலோ மிளகு மூட்டையை நான் ஒரே ஆளாகத் தூக்கினேன். உன் அத்தை முப்பது கிலோ என்பாள், அவளுக்குக் கணக்கு வராது. தூக்கியதில் அடிவயிற்றின் வலது பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்குக் குடல் பிதுங்கிவிட்டது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும், நல்ல பழக்கமுள்ள குடல். மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் (பேரைக் காகிதத்தில் எழுத வேண்டாம், நேரில் சொல்கிறேன்) பதினோரு டாக்டர்கள் சுற்றி நின்று, இப்படி ஓர் உடம்பைப் பார்த்ததே இல்லை என்று வியந்துகொண்டே ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மயக்க ஊசி போட்டும் எனக்கு ஏறவில்லை. ஆனாலும் அப்புறம் நடந்தது எதுவும் ஞாபகமில்லை.

வீடு வந்த அன்றே, வயிற்றுக் கட்டை மாற்றும்போது உன் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, வீக்கம் சோத்தாங்கைப் பக்கமுல்லீங்க இருந்துச்சு? தையலு பீச்சாங்கைப் பக்கம் இருக்குதுங்களே!" என்றாள். "ஏம்புள்ள, எதுத்தாப்புல நின்னு பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும். எட்டாவது வரைக்கும் படிச்சவனுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று வாயை அடைத்தேன். நானாகக் குனிந்து பார்க்கவில்லை. பயம் இல்லை, தையலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் தையலில் சுருக்சுருக்கென்று குத்தியது. கீழே போய் எக்ஸ்ரே எடுத்தேன். உடம்பில் இருக்கும் உலோகத்தையெல்லாம் கழற்றுங்கள் என்றார்கள். வாட்ச், மோதிரம், கழுத்து டாலர், பேனா எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். அரைஞாண் கயிற்றை மட்டும் தொடவில்லை, உயிரோடு இருக்கிறவன் அதைக் கழற்றுவானா? படத்தை டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். காட்டுவேனா? அவர் அங்கேயே படுக்கப்போட்டு மறுபடி திறந்துவிட்டால்? அதனால் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, சோளக்காட்டுச் சந்தையில் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

மிளகு வியாபாரி செல்லமுத்துதான் முதலில் கண்டுபிடித்தார். "அண்ணா, இங்க பாருங்க, விரல் தண்டிக்கு வெள்ளையா! கத்தரிக்கோலோட கைப்பிடிங்க இது. உள்ள வெச்சே தெச்சுப்போட்டாங்க!"

"மிச்சக் கத்தரி எங்கப்பா?" என்று கேட்டேன்.

"அது எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்குமுங்க. பஞ்சை மறந்திருந்தா ரெண்டு லட்சம், ஊசின்னா அஞ்சு, கத்தரின்னா பத்துக்குக் கொறையாதுங்க. துரு புடிக்காம இருந்தா இன்னும் ஏறும்."

மிளகுக்கு விலை சொல்கிற அதே குரல். அவர் பத்து என்றார், நான் இருபது லட்சம் நஷ்ட ஈடு கேட்டு ஆஸ்பத்திரிக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பிவிட்டேன். மலையில் இப்போது எனக்கு இருக்கிற மரியாதையை நீ பார்க்க வேண்டும். மலையின் மற்ற ஊர்களிலிருந்து, திருப்புலி நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் கண்ணு, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்தால் கத்தரி வாயைத் திறக்குமோ என்று, வயிற்றில் நான்கு சுற்றுக் கட்டோடு இருபது நாளாகப் படுத்தே கிடக்கிறேன். இருமவில்லை, தும்மவில்லை, சிரிக்கவில்லை. நேற்று மதியம் மின்னல் வெட்டியபோது, இரும்பு இழுக்குமே என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். உன் அத்தை மண்வெட்டி, அரிவாளையெல்லாம் என் பக்கத்திலிருந்து தூரமாக எடுத்து வைத்தாள், அழுதுகொண்டேதான். கத்தரியை எடுக்க மறுபடியும் அறுக்க வேண்டுமாம். முதல் தடவையே கண்ணை மூடுமுன் உன் அத்தை முகத்தைத் தேடினேன், கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். ஆகவே வக்கீல் ஐயாவிடம் ஒன்று கேள்: கத்தரி உள்ளேயே இருக்கட்டும், பணத்தை மட்டும் வாங்க வழி உண்டா?

அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் உனக்குப் பதவியும், வக்கீல் ஐயாவுக்கு வெற்றியும், எனக்கு ஆயுளும் தரட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பு. அவளிடம் கத்தரி என்று சொல்லாதே, வாயுத் தொல்லை என்று சொல்.

இப்படிக்கு, இரும்பு வயிற்றுடன்,
உன் மாமன் அர்த்தனாரி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை எழுதுவது. கடிதத்தைத் தபாலில் போடுமுன் ஆஸ்பத்திரியிலிருந்து கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரியவரே, கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்று அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அதில் முதுகுப் பக்கம் என் அம்மா கட்டிய வெள்ளித் தாயத்து! "இந்தாங்க உங்க கத்தரி" என்றார். நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள். மானம் போனாலும் உயிர் திரும்பி வந்ததே! ஆபரேஷனில் எந்தக் குறையும் இல்லை, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அவர்கள் நீட்டிய காகிதத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சந்தோஷத்தில் வயிற்றுக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு பஸ் ஏறினேன். நாற்பத்தோராவது வளைவில், இருபது நாள் சேர்த்து வைத்த இருமலை எழுந்து நின்று முழுசாக இருமினேன். வலது பக்கம், பழைய இடத்தில், எலுமிச்சங்காய் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து காட்டியதும், "நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்றாள் உன் அத்தை. இப்போது குனிந்து பார்த்துவிட்டேன், அவள் சொன்னது சரிதான்.

அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று உடனே கேள் கண்ணு. வலது பக்கத்தை அவர்கள் தொடவே இல்லை. இடது பக்கம் எனக்கு எந்த நோவும் இருந்ததில்லையே சாமி, அங்கே திறந்து என்னதான் செய்தார்கள்?