டாங்கி போட்ட பனியன்

முதலாளி செங்கோட்டையன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றபோது, தரணீதரன் நான்கு எதிரி டாங்கிகளுக்கு நடுவே மாட்டியிருந்தான்.

அந்த விளையாட்டு ஒரு காலத்தில் வெளிநாட்டில் காசு போட்டு ஆடும் பெட்டியாக இருந்தது. பிறகு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறங்கி வந்தது. இப்போது மங்கலம் ரோட்டுப் பனியன் கம்பெனி ஒன்றில், எல்லாருக்கும் பொதுவான சர்வரில், 'பழைய பேட்டர்ன்' என்ற ஃபோல்டருக்குள் குடியிருந்தது. குடிவைத்தவன் தரணீதரன். ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் கொஞ்ச நேரம் எதிரி டாங்கிகளிடமிருந்து தன் கொடியையும் காப்பாற்றக் கூடாதா என்ன?

"என்னப்பா தரணி இது?"

காலியாகக் கிடந்த மேனேஜர் நாற்காலி அவன் கண்முன் வந்து போனது. மேனேஜர் ஆனால்தான் பெண் தருவேன் என்று மோனிஷாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

"டிசைனுங்க முதலாளி! கொழந்தைக பனியனுக்குப் பிரிண்ட்டுங்க."

திருப்பூரில் கண்ணில் படுகிற எதையும் பனியனில் அடித்துவிடலாம். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"செரி, சாம்பிள் போடு."

இரண்டாம் நாள் சாம்பிள் வந்தது. நெஞ்சில் செங்கல் சுவர், வயிற்றில் டாங்கிகள், ஓரத்தில் ஒரு கொடி.

"ஏப்பா, இந்தச் செவுத்தத் தாண்டி அந்த டாங்கி எப்படிப் போகும்?" என்றார் முதலாளி.

"போகாதுங்க. பத்துத் தடவ வாஷ் பண்ணினாலும் நகராதுங்க!"

முதலாளியின் முகம் வாடிவிட்டது. சுவர்தான் பிடிக்கவில்லை என்று தரணீதரன் கண்டுபிடித்தான். என்ன மூளை! சுவரை எடுத்துவிட்டு அடுத்த சாம்பிள் போட்டான்.

"செவுரு எங்கப்பா?"

"எடுத்துட்டனுங்க."

"அட, செவுரு இல்லீன்னா எங்க ஒளியறது? நாலு பேரு சுத்தி நின்னு சுட்டா, ஒத்த டாங்கிக்காரன் என்னதான் பண்ணுவான்?"

பாவம், இளகிய மனசு, சண்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது. தரணீதரன் மூன்றாவது சாம்பிளில் எதிரி டாங்கிகளை எல்லாம் வாத்துக்குஞ்சுகளாக மாற்றினான். வாத்துக்குஞ்சை அவ்வளவு வெறுப்போடு பார்த்த மனிதரை அவன் அதுவரை கண்டதில்லை.

"நெசமாலுமே உனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதா கண்ணு?"

"டிசைன்னு மட்டுந்தானுங்க தெரியும். சத்தியமாங்க!"

முதலாளி பெருமூச்சு விட்டுக்கொண்டு கேபினுக்குப் போனார்.

தரணீதரனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மனிதர் கண்டுபிடித்துவிட்டார். வேலையும் போச்சு, மோனிஷாவும் போச்சு. ஆனால் ஆதாரம் இருந்தால்தானே? சர்வரில் இருந்த விளையாட்டை அடியோடு அழித்தான். அழித்தது திரும்பி வராதபடி கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் ஒருமுறை காலி செய்தான். அப்புறம் நிம்மதியாக ஒரு டீ சொன்னான்.

டீ வருவதற்குள் கேபினிலிருந்து ஓர் அலறல் கேட்டது. கணக்குப் பார்க்கும் ஆஷா, சாத்தூர்ப் பெண், உள்ளே ஓடிப்போய் அதே வேகத்தில் இவனிடம் ஓடிவந்தாள்.

"ஏனுங்க ஆஷா, முதலாளி கோவமா இருக்காருங்களா? என்ற பேரச் சொன்னாருங்களா?"

"உங்களத்தான் கூட்டியாரச் சொன்னாக சார்! அவுகளும் அந்த டாங்கி கேம ஆடி, பன்னெண்டாவது ரவுண்டத் தாண்ட முடியாம, உங்ககிட்ட வாய்விட்டுக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் அந்தப் பனியனப் பிடிச்சுக்கிட்டு நின்னாகளாம். இப்ப எவனோ கேமையே அழிச்சுட்டானாம், அந்தப் படுபாவியப் பிடிச்சுக் குடுத்தா நீங்கதான் மேனேஜராம்!"