இங்கிலீசில் வந்த தெய்வம்

பிள்ளை மேடையில் நிற்கும்போது கீழே இருக்கும் தாய்க்கு ஒரு வேலையும் இல்லை. கதிரையில் சும்மா இருந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

என் மகள் நிலானிக்குப் பதின்மூன்று வயது. வெல்லாவெளிப் பக்கத்தில் எங்கள் சின்னப் பாடசாலையிலிருந்து வலய மட்ட ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குத் தெரிவான முதல் பிள்ளை அவள்தான். (இதை பஸ் கொண்டக்டரிடமும் சொன்னேன். அவர் கேட்கவேயில்லை.) போன வருடம் பாடசாலை மேடையில் வாயடைத்துப் போய் அழுதுகொண்டே இறங்கினாள். இந்த முறையும் அப்படி ஆனால் இனி மேடைப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

தலைப்பு, 'ஒன்' (on) என்ற ஆங்கிலச் சொல்லின் பல வேலைகள். மேசைமேல் புத்தகம் இருந்தாலும் ஒன். திங்கட்கிழமை ஏதும் நடந்தாலும் ஒன். லைற் எரிந்தாலும் ஒன். ஒருவரை நம்பியிருந்தாலும் ஒன். இத்தனூண்டு சொல்லுக்கு இத்தனை உத்தியோகம்.

அவள் மறக்காமலிருக்க நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை கண்டுபிடித்தேன். தலைமேல் கை வைத்தால் புத்தகம். மணிக்கட்டைத் தட்டினால் நாள். விரலால் காற்றை அழுத்தினால் லைற். நெஞ்சில் அடித்தால் நம்பிக்கை. இரண்டு கையையும் சுற்றினால், நிற்காமல் தொடர்ந்து போவது. அடுப்படியில் நாங்கள் பழகுவதைப் பார்த்த என் கணவர், "இது பேச்சுப் போட்டியா, கூத்தா?" என்று கேட்டார்.

போட்டி நடந்த மண்டபத்துக்கு அடுத்த வளவு அம்மன் கோயில். சடங்கு நடந்துகொண்டிருந்தது. பகல் பூசை மேளம் ஜன்னல் வழியே வந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தாள். மடியில் வேப்பிலை, கையில் ஒரு போத்தல் மஞ்சள் தண்ணீர்.

நிலானி நன்றாகத்தான் தொடங்கினாள். லைற் வரை வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். அவள் கண் என்னைத் தேடியது.

நெஞ்சில் அடித்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். எழுந்து நின்று இரண்டு கையையும் சுற்றினேன். கொண்டை அவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து மேளமும் உச்சத்துக்குப் போனது.

"இவவுக்குத் தெய்வம் வந்திரிச்சிகா, பிடிங்க," என்றாள் பக்கத்துக்காரி.

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தார்கள். போத்தல் முழுவதும் என் தலையில் கவிழ்ந்தது. முகத்தில் வேப்பிலை அடித்தது.

"தாயே, என்ன குறை? சொல்லுங்க."

நடுவர்களுக்கு விளங்கட்டும் என்று நான், "நோ, நோ, ப்ளீஸ்" என்றேன்.

"இங்கிலீசில எல்லோ கதைக்கிறா," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "டீச்சரைக் கூப்பிடுங்ககா, என்ன கேக்கிறா எண்டு பாப்பம்."

மண்டபமே சிரித்தது. மஞ்சள் வடிய நின்ற எனக்கு ஒரே நினைப்புத்தான்: பிள்ளையின் மேடை வாழ்க்கையை நானே முடித்துவைத்துவிட்டேன். அப்போது ஒலிவாங்கியில் நிலானியின் குரல் கேட்டது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் அவள் சொன்னது இதுதான்:

"பாருங்கள், தண்ணீர் என் அம்மாவின் தலைமேல். அதற்கு ஒன். இன்று சனிக்கிழமை நடந்தது. அதற்கும் ஒன். நான் இந்த மேடையில் ஏறியது அவவை நம்பித்தான். அதற்கும் அதே ஒன்தான்."

நாங்கள் பழகாத வசனங்கள் அவை. அதன் பிறகு முடிக்கும்வரை அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இரண்டாம் இடம். (முதலிடம் எடுத்த பிள்ளையின் தாய் காய்ந்த சேலையோடு இருந்தா. எனக்குப் பொறாமை இல்லை.)

இன்றைக்கும் மேளம் கேட்டால் முதல் வேலையாகக் கொண்டையை இறுக்கி முடிந்துகொள்வேன். நான் வீட்டில் சத்தம் போடத் தொடங்கினால் கணவர் கைகூப்பி, "தாயே, என்ன குறை?" என்பார்.

போன கிழமை பஸ்ஸில் நானும் நிலானியும் அந்தப் பக்கத்துக் கதிரைக்காரியைக் கண்டோம். எழுந்து எனக்கு இடம் தந்தாள்.

"தாயே, மகனுக்கு வாற மாசம் சோதனை. இங்கிலீசுதான் பயமா இரிக்கி."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் குனிந்த தலையை நிமிர்த்துவதாக இல்லை. பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் தலைமேல் கை வைத்தேன்.

நிலானி என் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, அது புத்தகம்."