ஜமீன் சாரட்டில் பழனிக் குதிரை

ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் நானே. எதிர்க்கட்சியிலும் ஒரே ஆள்தான். ஆனால் ஆட்சி அங்கே.

வேடசந்தூர் நூல் மில்லில் முப்பத்து நாலு வருடம் சூப்பர்வைசராக இருந்து, மற்றவர்களை வேலை வாங்கியே களைத்தவன் நான். போன சித்திரையில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். இனி இந்த உடையப்பன் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான் என்று அன்றே தீர்மானம் போட்டேன். எட்டு மாதம் நன்றாகத்தான் போனது.

என் மனைவி புவனேஸ்வரிக்குப் பிறந்த ஊர் பழனி. அந்தப் பக்கத்துப் பேச்சில் மரியாதை சொட்டும். ‘ங்க’ இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. கல்யாணமான புதிதில் எவ்வளவு அடக்கமான பெண் என்று திண்டுக்கல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ‘ங்க’ எவ்வளவு அழுத்தி வருகிறதோ அவ்வளவு பெரிய ஆபத்து என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்கழியில் ஒருநாள் அழுத்தி வந்தது.

"ஏனுங்க, ஒட்டன்சத்திரத்துல எங்கண்ணன் காய்கறி மண்டிக்கு ஆளு வேணுமாமுங்க."

"எதுக்கு?"

"தக்காளிப் பெட்டியில அழுகலைப் பொறுக்கறதுக்குங்க."

"நான் சூப்பர்வைசர்டி!"

"ஆமாங்க. அழுகலை அங்க போயி சூப்பர்வைஸ் பண்ணுங்க."

தக்காளிக்கு நான் பயப்படவில்லை. மச்சான் சென்னியப்பனுக்குப் பயந்தேன். அவர் வாயைத் திறந்தால் லாரிகள் ஹாரன் அடிக்கக் கூச்சப்படும். அவருக்குக் கீழே ஒரு நாள் வேலை பார்ப்பதற்கு மில் இயந்திரத்துக்குள் தலையை விடலாம்.

அந்த நேரத்தில்தான் ஜமீன் என்னைக் காப்பாற்ற வந்தது. ஆத்தூர்ப் பக்கம் அக்கரைக்கோம்பையில் ஒரு பழைய ஜமீன் அரண்மனை இருக்கிறது. கொட்டகையில் ஏழு சாரட்டுகள் தூங்குகின்றன. தை மாதம் அவற்றை வெளியே இழுத்து, மெருகு போட்டு, சாரட்டுத் திருவிழா நடத்துகிறார்கள். வண்டி அவர்களுடையது. குதிரை நம்முடையது. ராஜா வேஷம் கட்டிக்கொண்டு அரண்மனையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். வழியில் வண்டி நின்று, பத்து எண்ணி முடிப்பதற்குள் நகராவிட்டால் அவுட். ஜெயித்தவருக்கு வெள்ளிப் பூண் போட்ட சாட்டை.

நோட்டீசைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"புவனா, இதுல நான் ஜெயிச்சுட்டா மண்டிப் பேச்சை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. சாகுற வரைக்கும் நான் சும்மாதான் இருப்பேன்."

"தோத்துட்டீங்கன்னா?"

"வேலைக்குப் போறேன்."

"நான் சொல்ற வேலைக்குங்களா?"

"நீ எது சொன்னாலும் போறேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"சரிங்க."

இருபத்தொன்பது வருடத்தில் அவள் ஒரே வார்த்தையில் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்று உறைத்தது மிளகாய்ச் சட்னி மட்டும்தான்.

"குதிரைக்கு எங்க போவீங்க?" என்றாள்.

"எங்கனயாச்சும் பிடிப்பேன்."

"பழனி அடிவாரத்துல ஜட்கா ஓடுமுங்க. எனக்கென்னங்க தெரியும்? நீங்க பாத்துச் செய்யுங்க."

மறுநாளே பழனிக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜட்காவோடு காதர் பீவி என்ற பெண்மணி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் எனக்காகவே காத்திருந்ததுபோலச் சிரித்தாள். குதிரையின் பெயர் சிங்காரம். வெள்ளை உடம்பு, தேன் நிறப் பிடரி, என் மாமனார் ஜாடையில் ஒரு பார்வை.

"குதிரை எப்படிம்மா?"

"தங்கமுங்கண்ணா. யாரு ஓட்டுனாலும் ஓடும். தன் வேலை தனக்குத் தெரியும். ஏறுங்க, ஒரு வெள்ளோட்டம் போலாம்."

மலையைச் சுற்றிக் கிளம்பினோம். சிங்காரம் நடக்கவில்லை, மிதந்தது. ஒரு பஞ்சாமிர்தக் கடை வந்ததும் தானாக நின்றது.

"செத்த எறங்கி உள்ள போயிட்டு வாங்கண்ணா. நான் கூட்டியாற பக்தருங்களை நல்லாக் கவனிக்கச் சொல்லிட்டு வாங்க."

போனேன், சொன்னேன், வந்து ஏறினேன். சிங்காரம் புறப்பட்டது. அடுத்த கடையில் மறுபடி நின்றது.

"இங்கயுமாம்மா?"

"இவங்களும் நம்ம ஆளுங்கதான், அண்ணா."

இப்படிப் பதினாலு கடை. பதினாலு தடவை இறங்கி ஏறினேன். பாவம், தனியாகத் தொழில் செய்கிற பெண்பிள்ளை, ஊரெல்லாம் பழக்கம் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் குதிரை நிற்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன். திருவிழாவுக்குக் குதிரையைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாள்.

திருவிழா அன்று எனக்கு ஜரிகைக் கோட்டு, வாடகைத் தலைப்பாகை. தலைப்பாகை காது இரண்டையும் மூடியதால் உலகம் பாதி ஊமைப் படமாக ஓடியது. மூன்றாம் நம்பர் சாரட்டில் சிங்காரத்தைப் பூட்டினார்கள். பக்கத்து வீட்டு ஐரின் டீச்சர் கூட்டத்தோடு வந்து கைதட்டினாள். புவனாவைக் காணவில்லை. என் வெற்றியைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

முதல் சுற்று முடிந்தது. சிங்காரம் ஒரு முறைகூடத் தயங்கவில்லை. ஒரு குதிரை மிரண்டு வாழைத் தோப்புக்குள் போனது. இன்னொன்று, ஓட்டியவர் தவறவிட்ட தலைப்பாகையைத் தின்ன ஆரம்பித்தது. மற்ற வண்டிகள் எனக்குப் பின்னால் தூரத்தில் வந்தன. நான் இரண்டு பக்கமும் கையசைத்தேன். இந்த ஜமீனுக்கு நானே வாரிசு என்பதுபோல ஒரு மிதப்பு வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் அரண்மனையின் பின்புறம் திரும்பினோம். முதல் சுற்றில் துணி போட்டு மூடிக் கிடந்த ஒரு ஸ்டால் இப்போது திறந்திருந்தது. மஞ்சள் பந்தல், வேல் படம். மலைவாழைப்பழமும் நெய்யும் ஏலக்காயும் கலந்து கமகமவென்று வந்தது.

சிங்காரம் நின்றது.

"ஹை! போ!"

காதை ஆட்டியது.

"ஏலே சிங்காரம், இது அடிவாரம் இல்ல அப்பு! அரண்மனை!"

கண்ணை மூடிக்கொண்டது. மைக்கில் எண்ண ஆரம்பித்தார்கள். "ஒண்ணு... ரெண்டு..." கூட்டமும் சேர்ந்து எண்ணியது.

"உடையப்பண்ணே, சாவி போட்டுப் பாருங்க!" என்று கத்தினாள் ஐரின் டீச்சர்.

நான் ஸ்டாலைப் பார்த்தேன். கல்லாவில் என் தர்மபத்தினி.

"வாங்க வாங்க! மகளிர் குழு பஞ்சாமிர்தமுங்க. அரைக் கிலோவுங்களா, ஒரு கிலோவுங்களா?"

"புவனா! நீ இங்க என்னடி பண்ணுற?"

"யாவாரமுங்க."

"அஞ்சு... ஆறு..."

அப்போதுதான் என் மூளையில் விளக்கு எரிந்தது. இந்தக் குதிரை காதர் பீவிக்காக நிற்கவில்லை. பஞ்சாமிர்தக் கடை என்றால் நிற்கும். வண்டியிலிருந்து ஓர் ஆள் இறங்கி, உள்ளே போய், திரும்பி வந்தால்தான் நகரும். ஏழில் குதித்தேன். கோட்டு சக்கரத்தில் மாட்டியது. கோட்டின் ஒரு கையைச் சக்கரத்துக்கே தானம் கொடுத்துவிட்டு ஸ்டாலுக்குள் பாய்ந்தேன்.

"ஒரு டப்பா குடு, சீக்கிரம்!"

"டோக்கன் வாங்கிட்டீங்களாங்க?"

"நான் உன் புருசன்டி!"

"எல்லாருக்கும் ஒரே வரிசைதானுங்க. அந்த அம்மாவுக்குப் பின்னால நில்லுங்க."

"பத்து!"

டப்பாவோடு நான் வெளியே வந்ததும் சிங்காரம் சமத்தாகக் கிளம்பிவிட்டது. எனக்கு ஏற நேரம் கொடுக்கவில்லை. காலி சாரட்டோடு அந்தச் சுற்றின் மிச்சத்தைத் தானே முடித்து, கொட்டகை வாசலில் அழகாகப் போய் நின்றது. ஜமீன்காரர்கள் மெய்மறந்து அதற்கு ரோஜா மாலை போட்டார்கள். வெள்ளிச் சாட்டை யாருக்குப் போனது என்று நான் விசாரிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு எடுத்து வைத்தேன். தோற்றவன் தோற்றவன்தான்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"ஒட்டன்சத்திரத்துக்கு. தக்காளி பொறுக்க."

"அங்க எதுக்குங்க? எங்கண்ணன் வேற ஆளு போட்டு ஒரு மாசமாச்சுங்க."

பையைக் கீழே போட்டேன். ஒரு சுற்று ஆடினேன்கூட. "அப்ப நான் சும்மா இருக்கலாமா?"

"நான் எது சொன்னாலும் போறேன்னீங்களே."

ஆட்டம் நின்றது.

"காதர் பீவியும் நானும் ஒண்ணாப் படிச்சவிங்க. வண்டியை விட்டுட்டு அவளால எறங்க முடியல, கடைக்குக் கடை எறங்கி ஏற நம்பிக்கையான ஆளு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாளுங்க. நேராச் சொன்னா நீங்க போவீங்களா? அன்னிக்கு நடந்தது குதிரைக்கு வெள்ளோட்டமில்லீங்க. உங்களுக்குங்க. பதினாலு கடையிலயும் ஏன்னு கேக்காம எறங்குனாருன்னு சொல்லி, அன்னிக்கே உங்களை வேலைக்கு எடுத்துக்கிட்டா."

தக்காளிக்கு இது தேவலை என்று என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டாள்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்குப் பழனி பஸ். காதர் பீவி ஓட்டுகிறாள், நான் இறங்கி ஏறுகிறேன். கடைக்காரரோடு கொஞ்ச நேரம் நின்று பேசலாம் என்றால், வாசலில் சிங்காரம் கனைக்கிறது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருகிறேன்.