மஞ்சள் வைத்த சென்ட் பாட்டில்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எது வாங்கினாலும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாக வேண்டும். டிராக்டரோ மிக்சியோ, எதுவும் தப்பாது. (என் கல்யாணத்துக்கு வாங்கிய சீலிங் ஃபேனுக்கு வைத்த பொட்டு, சுவிட்சைப் போட்டதும் மாமனாரின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.) அந்த வியாதியை நான் விமான நிலையம் வரைக்கும் கொண்டுபோனேன்.

தங்கச்சி மகள் காவ்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமனான நான் அப்போது கத்தாரில் ஏசி மெக்கானிக். நாங்கள் மலை ஊர்; மாப்பிள்ளை வீடு கீழே ராசிபுரம். நிச்சயத்தின்போது மாப்பிள்ளையின் அத்தை, "மலைக்காரங்க சீருன்னா மிளகும் மரவள்ளிக் கெழங்குந்தானுங்களே" என்று சிரித்திருக்கிறார். காவ்யாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எங்க மாமா வெளிநாட்டு சென்ட்டு கொண்டாருவாங்க, பாருங்க" என்று சபையில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எனக்குப் போன் போட்டாள்.

"மாமா, நகை நட்டெல்லாம் வேண்டாங்க. ஒரு சென்ட்டு பாட்டில் போதும். சீர்த் தட்டுல பளிச்சுனு தெரியோணும்."

"அதுக்கென்ன கண்ணு, அண்டா சைஸுல கொண்டாறேன்" என்றேன். வாய்ச்சவடாலுக்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை.

திருச்சிக்கு வரும் வழியில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். கிளம்பிய இடத்து டியூட்டி ஃப்ரீ கடையில் இருப்பதிலேயே பெரிய பாட்டிலாக வாங்கினேன். கடைப் பெண் அதைக் கண்ணாடி மாதிரி ஒரு கவரில் போட்டு ஒட்டி, "நடுவில் இன்னொரு சோதனை இருக்கிறது. கடைசி ஊர் போய்ச் சேரும்வரை கவரைப் பிரிக்கக் கூடாது" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

விமானம் மாறும் இடத்தில் காத்திருந்தபோது தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணா, சீர்ச் சாமானெல்லாம் மஞ்சள் வச்சு அடுக்கியாச்சுங்க. உங்க சாமான்தான் பாக்கி. நீங்க வந்து எறங்கவும் தட்டைத் தூக்கவும் சரியா இருக்குமாட்ட இருக்குது."

"அத நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். அங்கேதான் சனி என் தோளில் ஏறி உட்கார்ந்தது.

பர்ஸில் எட்டுக்கை அம்மன் கோயில் மஞ்சளும் குங்குமமும் பொட்டலமாக எப்போதும் இருக்கும். கழிவறைக்குப் போனேன். கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். குழாய்த் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்து அட்டைப்பெட்டிக்கு வைத்தேன். உள்ளே இருக்கிற பாட்டில் கோபித்துக்கொள்ளுமே என்று அதற்கும் வைத்தேன். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டேன். பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வெளியே போய்விட்டார்.

சோதனைச் சாவடி அதிகாரி அந்தக் கவரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"யார் பிரித்தது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"சாமி."

என் மஞ்சள் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒரு துணித் துண்டால் என் உள்ளங்கையைத் துடைத்து, வெடிமருந்து கண்டுபிடிக்கிற மெஷினில் வைத்தார். இன்னொருவரும் வந்து சேர்ந்தார். என்ன பொடி என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில் அம்மனை விளக்கினேன். எட்டுக் கைக்கு இங்கிலீஷ் போதாமல் போகவே, என் இரண்டு கைகளையும் நாலாபக்கமும் வீசிக் காட்டினேன். இருவரும் பின்னால் நகர்ந்தார்கள்.

மெஷின் என்னை மன்னித்துவிட்டது. பாட்டிலை அவர்கள் மன்னிக்கவில்லை. மருமகள், கல்யாணம், சபையில் சொன்ன சொல் எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன். பிரித்த கவர் போகாது என்றார் அந்த முதல் அதிகாரி. கெட்ட மனிதரில்லை. வேண்டுமானால் கொஞ்சம் அடித்துக்கொள் என்று சைகை காட்டினார். கொஞ்சமா? கழுத்து, கக்கம், காலர், சாக்ஸ் என்று ஆத்திரத்தோடு அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மீசை நரைத்த ஆள் நான், அந்த வரிசையில் நின்று அழுதேன்.

திருச்சியிலிருந்து கார். எங்கள் மலை வளைவுகளில் பயணிகள் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறேன். டிரைவர் எடுத்து அன்றுதான் பார்த்தேன்.

மண்டபத்தில் இறங்கியபோது தட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு தட்டு வெறுமையாக எனக்காகக் காத்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை. "ஏனுங்க, வெளிநாட்டு சென்ட்டு வருதுன்னாங்களே, எங்கீங்க?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். காவ்யா என் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். விறுவிறுவென்று வந்து என் கையைக் கோத்துக்கொண்டு அத்தைக்கு எதிரே என்னை நிறுத்தினாள்.

"வாசம் வரலீங்களா அத்தை? பாட்டில்ல கொண்டாந்தா பத்தாதுன்னு எங்க மாமா ஆளாவே மணந்துட்டு வந்திருக்காங்க!"

மண்டபமே சிரித்தது. அத்தை தும்மினார், மறுபடியும் தும்மினார். பேச்சு அதோடு நின்றது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் போட்டோ எடுக்கும்போது, "சென்ட்டு பாட்டில முன்னால நிறுத்துங்கப்பா" என்று யாராவது கத்துவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நிற்பேன். அதற்கப்புறம் காவ்யாவுக்கு எத்தனையோ பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். எந்தப் பாட்டிலும் அந்தத் தட்டில் போய் உட்காரவில்லை.

கல்யாண ஆல்பத்தில் அவள் என் கையைக் கோத்துக்கொண்டு சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "சென்ட்டு நெடிங்க மாமா, கண்ணு எரிஞ்சுபோச்சு" என்பாள். ஆமாம் கண்ணு, பயங்கர நெடி என்று நானும் சொல்லிவிடுவேன்.