அலாரத்துக்குச் சமாதானம் சொல்பவர்

"கத்துது, லவெல்."

"கத்தட்டும், கேமில். சும்மா கத்துது."

"சும்மான்னு எப்படித் தெரியும்?"

"நான் உசிரோட நிக்கிறேனே, பத்தாதா?"

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துச் சோதனைக்கூடத்தில் கேமில் வேலைக்குச் சேர்ந்த அன்று கற்ற முதல் பாடம் இது. நச்சு ஆவியை மோப்பம் பிடிக்கும் மின்னணுக் கருவிகளைச் சோதிப்பது அவர்கள் வேலை. வாசகரே, தலைமைச் சோதகர் லவெல், அலாரத்துக்குச் சமாதானம் சொல்லும் இனத்தைச் சேர்ந்தவர். கருவி வாயை மூடிக்கொண்டிருந்தால், அருமையான கருவி என்பார். வாயைத் திறந்துவிட்டால், டீசல் புகை, மழையில் நனைந்த புதர், யாரோ கூந்தலில் அடித்த ஸ்பிரே, கடைசியில் தன் சட்டைப்பையில் இருக்கும் இளஞ்சிவப்பு விண்டர்கிரீன் மிட்டாய் என்று வரிசையாகச் சாட்சிகளைக் கூட்டிவந்து நிறுத்துவார். மிட்டாய்க்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. நிஜ நஞ்சுக்குப் பதிலாக அவர்கள் சோதனையில் விடுவதும் அதே வாசனை எண்ணெயின் ஆவிதான். நம் மூட்டுவலித் தைலத்தின் வாசனை.

ஒருநாள், சோதனையில் இருந்த ஒரு கருவியைக் காட்டி, இது தொணதொணக்கிறது, இதன் உணர்திறனைக் குறைத்துவை என்றார் லவெல். மறுவாரம் அது ஊர்த் தீயணைப்புப் படைக்குப் போகிறது. கேமிலின் தம்பி டால்ட்டன் இருப்பது அந்தப் படையில். அவள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, எந்தச் சோதனையும் நடக்காத அறையில், கருவி கத்தியது.

"என் மிட்டாய்" என்றார் லவெல்.

"அதை வண்டியில வெச்சுட்டு வந்தீங்க."

"அப்போ உன் ஷாம்பூ."

கேமில் குனிந்து பார்த்தாள். ஆவி வரும் குழாயின் மூட்டு தளர்ந்து, மூக்குக்குத் தெரியாத அளவில் கசிந்துகொண்டிருந்தது. முறுக்கி இறுக்கினாள். சற்று நேரத்தில் சத்தம் ஓய்ந்தது.

"பாத்தியா, தானா அடங்கிடுச்சு. இதுக்குத்தான் குறைக்கச் சொன்னேன்."

"குழாய் கசிஞ்சுது. நான் குறைக்க மாட்டேன், லவெல். இதைத் தூக்கிட்டு உள்ள போகப்போறது என் தம்பி."

கோபித்தாரா? இல்லை. அவள் பேச்சுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்: இன்றைக்கு வெயில் அதிகம் என்றார். கருவி குரல் குறையாமலே டால்ட்டனிடம் போய்ச் சேர்ந்தது.

சிரிக்கிறீர்களா? உங்கள் ஸ்கூட்டரில் அந்தச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கி எத்தனை மாதமாயிற்று? வயர் லூஸ் என்று சொன்னது மெக்கானிக்கா, நீங்களா?

லவெல் பிறகு ஒருமுறை கேமிலிடம் உதவி கேட்டார். அவர் வீட்டுச் சமையலறையில் புகை அலாரம் ஓயாமல் கத்துகிறதாம்.

"சத்தத்தை மட்டும் எடுத்துவிடும்மா. விளக்கு எரிஞ்சுட்டுப் போகட்டும். கண்ணாடி போடலேன்னா எனக்கு அது தெரியாது."